முதலில் எண்ணெய் குளிரட்டும்

எங்கள் டிராக்டர் விடுகிற புகையைப் பார்த்தே அது எந்தக் காட்டில் ஓடுகிறது என்று அம்மா வாசலில் உட்கார்ந்தபடி சொல்லிவிடுவார். லேசான சாம்பல் நிறம் என்றால் வடக்கே செவக்காடு. கருகருவென்று குபுகுபுவென வந்தால் கிணற்றுக்குக் கிழக்கே கரிசல். போன சித்திரையில் ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவர் வரப்பிலேயே நின்றுவிட்டார். “ஏம்ப்பா, செவக்காட்டுல ஓடும்போதே இம்புட்டுப் புகை வருது. வண்டிக்கு என்னமோ சரியில்லை” என்றார்.

அவர் சொன்னது சரிதான். அதைச் சரிசெய்யப் போய் ஒரு வருடம் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய டிராக்டருக்கு டர்போ போடலாமா, ஆயில் கூலர் தேவையா என்று யோசிக்கிறவர்களுக்கு இது பயன்படும்.

எங்கள் காடு டி.கல்லுப்பட்டிக்கும் பேரையூருக்கும் நடுவில் இருக்கிறது. பருத்தி, மக்காச்சோளம், குதிரைவாலி, மழை ஏமாற்றாத வருடம் உளுந்து. வண்டி, அப்பா 1996-ல் வாங்கிய மாஸி ஃபெர்குசன் 1035. மூன்று சிலிண்டர் சிம்சன் இன்ஜின், சுமார் 2.4 லிட்டர், 36 குதிரைத்திறன் வகை. மதுரையிலிருந்து திண்டுக்கல் போகிற வழியில் கல்லடிப்பட்டியில், இந்த வண்டியைச் செய்த டாஃபே நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. இந்த வண்டியில் கை வைக்கத் தெரியாத பட்டறை எங்கள் பக்கம் அபூர்வம்.

குறை வண்டியில் இல்லை, எங்களிடம்தான் இருந்தது. ஐந்தடி ரொட்டவேட்டர் இழுக்கிற வண்டியில், மலிவாகக் கிடைக்கிறது என்று ஆறடி ரொட்டவேட்டரைப் பூட்டினோம். கரிசலில் முதல் அரை மணி நேரம் பிரமாதமாக ஓடியது. அப்புறம் வண்டி அமுங்கத் தொடங்கியது. மாமாதான் ஓட்டுகிறார். “மாப்பிள்ளை, ஆயில் முள்ளு இறங்குது” என்று சொல்லிச் சொல்லி நிறுத்துவார். ஆறவிட்டு மறுபடி எடுத்தால் ஒரு மணி நேரத்தில் அதே கதை.

இழுவை வேண்டும் என்று ஒரு பட்டறையில் விட்டேன். அங்கே டீசல் பம்பின் திருகைத் திறந்துவிட்டார்கள். வண்டி முறுக்கேறிப் பாய்ந்தது. அம்மா வரப்பில் நின்று பார்த்த புகை அதுதான்.

புதுசா, பழசா

புது வண்டி வாங்கிவிடலாம் என்ற பேச்சும் வீட்டில் வந்தது. ஐம்பது குதிரைத்திறனில் டர்போவோடு இப்போது வருகிறது. ஆனால் மழையை நம்புகிற எட்டு ஏக்கருக்கு அந்தக் கடன் அதிகம்.

டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தன் கடைசிக் காலத்தைக் கழித்தவர் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா. 1960 ஜனவரி 30-ல் மறைந்தார். டாஃபே தொடங்கியதும் அதே 1960-ல். குமரப்பாவுக்கு டிராக்டர் உடன்பாடில்லை. மாடு உழும், எருவும் கொடுக்கும். டிராக்டருக்கு எல்லாமே வெளியே இருந்து வரவேண்டும் என்பது அவர் கவலை. டிராக்டர் இல்லாமல் இன்று என்னால் உழ முடியாது. ஆனால் இருக்கிற பொருளை இன்னும் இருபது வருடம் உழைக்க வைப்பது அவருக்குச் செய்கிற சிறு மரியாதை என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருடம் உழைத்த இரும்பை எடைக்குப் போட மனசும் வரவில்லை.

திருமங்கலத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல். லாரி இன்ஜின், டிராக்டர் இன்ஜின் இரண்டிலும் ஊறியவர். அவரிடம் போய் “அண்ணே, டர்போ போட்டுத் தாங்க” என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“தம்பி, டர்போ காத்தைத்தான் கொடுக்கும். சத்தைக் கொடுக்கிறது டீசல். ரெண்டும் சேர்ந்தா வர்றது சூடு. அந்தச் சூட்டை எங்கிட்டு அனுப்பப் போறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க. அதுக்குப் பொறவு டர்போவைப் பேசுவோம்.”

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவதும் இதுதான். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

ஒரு வாரம் அளந்தோம்

அண்ணன் முதலில் செய்தது, திறந்துவிட்ட பம்பை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்தது. அடுத்து இரண்டு மீட்டர் மாட்டினார். ஒன்று எண்ணெய்த் தொட்டியில் எண்ணெயின் சூட்டைக் காட்டுவது. இன்னொன்று, எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் துளையிட்டுப் புகையின் சூட்டைக் காட்டுவது. எண்ணெய் அழுத்தத்துக்கு வண்டியிலேயே மீட்டர் உண்டு. “ஒரு வாரம் ஓட்டுங்க. எழுதி வைங்க. எதையும் மாத்த வேண்டாம்” என்றார்.

நோட்டுப் போட்டு எழுதினோம். கரிசலில் ரொட்டவேட்டரோடு இரண்டு மணி நேரம் ஓடியதும் எண்ணெய் 126 டிகிரி. அழுத்தம் ஒன்றரை கிலோ. புகையின் சூடு 640 டிகிரி.

126 டிகிரி எண்ணெய் என்றால் என்ன? டீசல் இன்ஜினுக்குத் தொட்டி எண்ணெய் 90 முதல் 110 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 120-ஐத் தாண்டி நெடுநேரம் ஓடினால் எண்ணெய் நீர்த்துப்போகும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே இரும்பு இரும்பைத் தொடாமல் தாங்குவது எண்ணெயின் மெல்லிய படலம். எண்ணெய் நீர்த்தால் படலமும் மெலிகிறது. சூடு ஏற ஏற எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடுவதும் வேகமாகிறது. பத்து டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது தொழிலில் இருப்பவர்கள் கைக்கணக்கு. நீர்த்த எண்ணெயில் அழுத்தமும் குறையும். மாமா சொன்ன “முள்ளு இறங்குது” அதுதான்.

இந்த நிலையில் டர்போ போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவதும் இன்ஜினிலிருந்து வருகிற இதே எண்ணெய்தான். ஏற்கெனவே காய்ந்து நீர்த்த எண்ணெயை அதற்குக் கொடுப்பது, காய்ச்சலில் கிடப்பவனைக் கிணறு வெட்ட அனுப்புகிற மாதிரி.

உப்புத் தண்ணீர் செய்த வேலை

கூலர் வாங்குவதற்கு முன்னால் அண்ணன் ரேடியேட்டரைக் கழற்றினார். உள்ளே பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. குழாய்களில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து பாதிக்கு மேல் அடைத்திருந்தது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புத் தண்ணீர். பல வருடமாக அதைத்தான் குடத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தோம்.

அடைப்பு எடுத்து, தெர்மோஸ்டாட்டை மாற்றி, விசிறி பெல்ட்டை மாற்றி, வடிகட்டிய தண்ணீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றினோம். அதற்கே எண்ணெயின் சூடு ஏழெட்டு டிகிரி இறங்கியது. உங்கள் வண்டிக்குப் பெரிய செலவு செய்வதற்கு முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டி ஆறியிருக்கும்போது மட்டும்.

ஆயில் கூலர்

ஆயில் கூலர் இரண்டு வகை. ஒன்று, ரேடியேட்டர் தண்ணீரால் எண்ணெயைக் குளிர்விப்பது. தகடு தகடாக அடுக்கியிருக்கும், அடக்கமானது, தூசிக்குப் பயமில்லை. ஆனால் அந்தச் சூடெல்லாம் ரேடியேட்டர் தலையில் ஏறும். இன்னொன்று, காற்றால் குளிர்விப்பது. சின்ன ரேடியேட்டர் மாதிரி முன்னால் நிற்கும். எங்கள் ரேடியேட்டருக்கு இருபத்தெட்டு வயது. அதற்கு மேலும் சுமை வேண்டாம் என்று காற்று வகையையே எடுத்தோம்.

ஆயில் பில்டருக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே ஒரு அடாப்டர் தட்டு வரும். எண்ணெய் அதிலிருந்து ஒரு ஹோஸ் வழியே கூலருக்குப் போய் இன்னொரு ஹோஸ் வழியே திரும்பும். மூன்று விஷயத்தில் அண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. முதலாவது, எண்ணெய் 80 டிகிரியைத் தாண்டிய பிறகே கூலருக்குள் விடுகிற தெர்மோஸ்டாட் வால்வு. மார்கழிக் காலையில் எண்ணெய் சூடேறாமலே ஓடினால் அதுவும் கெடுதல். எரிபொருள் எரிவதால் வரும் ஈரமும் கழிவும் எண்ணெயிலேயே தங்கிவிடும். இரண்டாவது, சூடான எண்ணெயைத் தாங்குகிற கம்பிப் பின்னல் ஹோஸ். சாதாரண டீசல் ஹோஸ் போட்டு அது வெடித்தால், சில நொடிகளில் இன்ஜின் காலி. மூன்றாவது, கூலரைக் கீல் வைத்து மாட்டுவது. ரேடியேட்டருக்கு முன்னால் மூன்று விரல் இடைவெளியில் கதவு மாதிரித் திறக்கவேண்டும்.

இந்தக் கீல் யோசனையின் அருமை தை மாதத்தில் தெரிந்தது. மக்காச்சோளத் தட்டையை அரைக்கும்போது பறக்கிற சுணையும் சருகும் கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே போர்வை மாதிரி அடைந்துகொள்ளும். திறக்க முடியாமல் போல்ட் அடித்திருந்தால் யாரும் சுத்தம் செய்யமாட்டார்கள். இப்போது மாமா தினம் சாயங்காலம் திறந்து, பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் காற்றடிக்கிறார். வந்த வழியே தூசி திரும்பிப் போகவேண்டும். முன்னாலிருந்து அடித்தால் அது இன்னும் உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும்.

கூலர் போட்ட பிறகு அதே கரிசல், அதே ரொட்டவேட்டர், வெயிலும் அதே மாதிரி. எண்ணெய் 104 டிகிரி. அழுத்தம் இரண்டேகால் கிலோ. டர்போ இன்னும் வரவே இல்லை. ஆனால் நிறுத்தாமல் மூன்று மணி நேரம் ஓட்ட முடிந்தது.

“இதோட நிறுத்திக்கலாம் தம்பி. உங்களுக்கு வேண்டியது பாதிக்கு மேல கிடைச்சிருச்சு” என்றார் அண்ணன். எட்டு மாதம் அப்படியே ஓட்டினேன்.

இரண்டு சின்டெக்ஸ் தொட்டி காற்று

அப்புறமும் டர்போ ஏன்? காற்றுக் கணக்கைப் போட்டுப் பார்த்ததால்.

நான்கு வீச்சு இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 2.4 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால் கணக்குப்படி 2400 லிட்டர். வால்விலும் குழாயிலும் இழப்புப் போக ஏறத்தாழ 2000 லிட்டர். மொட்டை மாடியில் நிற்கிற ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி இரண்டை ஒரு நிமிடத்தில் குடித்துவிடும். இதில் நம்ம ஊர் வெயில் கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது. 15 டிகிரியில் இருக்கிற காற்றைவிட 40 டிகிரிக் காற்று எட்டு விழுக்காடு லேசு. அதே இரண்டு தொட்டிதான், ஆனால் உள்ளே சரக்குக் குறைவு. போதிய காற்று இல்லாமல் எரியாத டீசல்தான் கறுப்புப் புகை. கோடை உழவில் வண்டி அதிகம் இருமுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டர்போ செய்வது எளிய காரியம். டீசலில் இருக்கிற சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே வீணாக வெளியேறுகிறது. அந்தப் புகையின் வேகத்தில் ஒரு விசிறியைச் சுழலவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற விசிறியால் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுவது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். 1925-ல் இரண்டு ஜெர்மானியக் கப்பல்களில் டீசல் இன்ஜினுக்குப் பொருத்தியபோது 1750 குதிரைத்திறன் 2500 ஆனது. டிராக்டருக்கு ஆலையிலேயே டர்போ வைத்து வந்தது அமெரிக்காவில், அல்லிஸ்-சால்மர்ஸ் டி19. 1960-களின் தொடக்கம். பழைய டிராக்டருக்குப் பிறகு பொருத்தும் டர்போவையும் அந்தக் காலத்திலேயே அங்கே விற்றார்கள்.

இருக்கிற வண்டியில் புதியதைச் சேர்ப்பது மதுரைக்கும் பழகிய வேலைதான். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியை எரித்து வருகிற வாயுவில் பஸ்ஸை ஓட்டும் கேஸ் பிளான்டை டி.வி.சுந்தரம் அய்யங்காரின் டி.வி.எஸ். நிறுவனம் செய்துகொடுத்தது. பெட்ரோலுக்கென்று வந்த இன்ஜின்களே அப்படி ஓடின.

ஆனால் டர்போவின் அழுத்த அளவை அப்படியே நம்பிவிடக் கூடாது. அரை கிலோ அழுத்தம் ஏற்றினால் காற்று ஒன்றரை மடங்கு ஆகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். 40 டிகிரி வெயிலில் அரை கிலோ அமுக்கினால் டர்போவை விட்டு வரும்போது காற்று ஏறத்தாழ 100 டிகிரி. சூட்டில் விரிந்துவிடுவதால் உண்மையில் கூடுகிற காற்று கால் பங்குதான். அந்தக் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் வைத்தால் கூடும். எங்கள் வண்டியின் மூக்கில் அதற்கு இடமில்லை. அந்தக் கால் பங்கே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பொருத்திய விதம்

முதலில் இன்ஜின் தகுதியானதா என்று பார்த்தார் அண்ணன். மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளந்தார். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளேயிருந்து புகை தள்ளுகிறதா என்று பார்த்தார். ரிங் தேய்ந்த இன்ஜினுக்கு டர்போ போட்டால் மிச்சமிருக்கிற ஆயுளும் போய்விடும். நாங்கள் மூன்று வருடத்துக்கு முன்புதான் இன்ஜின் இறக்கி லைனர் மாற்றியிருந்தோம். தேறியது.

பழைய லாரி டர்போ ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. அண்ணன் வேண்டாம் என்றார். லாரி இன்ஜின் தள்ளுகிற புகைக்கு அளவெடுத்த விசிறி, நம்முடைய சின்ன இன்ஜினின் புகையில் சோம்பிக் கிடக்கும். இரண்டரை லிட்டர் டீசல் இன்ஜினுக்கு வருகிற சின்ன டர்போவைப் புதிதாகவே வாங்கினோம். மேனிபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவே வருகிற பிளேன்ஜை லேத் பட்டறையில் கடைந்தோம். டர்போவின் எடை மேனிபோல்டில் மட்டும் தொங்காமல் கீழிருந்து ஒரு தாங்கி கொடுத்தோம்.

எண்ணெய் வரும் குழாய் சின்னது. அழுத்த மீட்டர் இருக்கிற இடத்தில் டீ இணைப்பு வைத்து எடுத்தோம். திரும்பிப் போகிற குழாய்தான் முக்கியம். டர்போவை விட்டு எண்ணெய் அழுத்தத்தில் வெளியேறுவதில்லை, தன் எடையில் இறங்குகிறது. அதனால் அந்தக் குழாய் பருமனாக, வளைந்து மேலே ஏறாமல், நேரே கீழே இறங்கி, தொட்டியில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே போய்ச் சேரவேண்டும். சின்டெக்ஸ் தொட்டியின் கழிவுக் குழாய்க்கு நாம் போடுகிற அதே வாட்டம். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி வெளியே வைத்துத்தான் அண்ணன் துளையிட்டார். வண்டியிலேயே துளையிட்டு ஒரு துருவல் உள்ளே விழுந்தால் பேரிங் போய்விடும்.

அடுத்தது ஏர் கிளீனர். பழைய எண்ணெய்க் கிண்ண வகையை எடுத்துவிட்டு, இரண்டு அடுக்குக் காகித வடிகட்டி போட்டோம். சித்திரைப் புழுதி டர்போவுக்கு உப்புத்தாள் மாதிரி. வடிகட்டிக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் குழாயில் ஒரு கீறல் விழுந்தால் போதும், விசிறியின் ஓரம் தேய்ந்துவிடும். வாரம் ஒருமுறை அந்தக் குழாயை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார்.

எண்ணெயை 15டபிள்யூ-40 டீசல் ரகத்துக்கு மாற்றினோம். 250 மணி நேரம் என்று இருந்ததை 150-க்கு ஒருமுறை மாற்றுகிறோம். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவுக்குள் கையால் எண்ணெய் ஊற்றி, டீசலை நிறுத்தி வைத்து, முள் ஏறுகிற வரை செல்ஃப் அடித்தோம்.

பம்பின் திருகைத் தொடவில்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும். காற்று கூடியிருக்கிறதே, டீசலையும் கூட்டலாமே என்று கை அரிக்கும். டர்போவோடு வருகிற இன்ஜினில் பிஸ்டனின் அடியில் எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விக்கிற ஏற்பாடு பெரும்பாலும் இருக்கும். கிளட்ச்சும் கியர் பெட்டியும் அந்த முறுக்குக்கு ஏற்றதாக இருக்கும். எங்கள் வண்டி 36 குதிரைக்குச் செய்தது. அதற்கு மேல் கேட்டால் ஹெட் கேஸ்கெட்டில் ஆரம்பித்துப் பின் அச்சு வரை ஒவ்வொன்றாகப் பதில் சொல்லும். நான் டர்போவை வாங்கியது அதே டீசலை முழுசாக எரிக்க.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை உறுதி செய்தது. நான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். நீங்களும் எழுத்தில் கேளுங்கள், காப்பீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். விபத்து நடந்த பிறகு கேட்டால் பயனில்லை.

இப்போது

ஐந்தடி ரொட்டவேட்டருக்கே திரும்பிவிட்டோம். கரிசலில் புகையின் சூடு 570 டிகிரி. எண்ணெய் 107. சின்ன ரொட்டவேட்டராக இருந்தும் டர்போ வந்த பிறகு மூன்று டிகிரி கூடியிருக்கிறது. கூலர் இல்லாவிட்டால் அது எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இழுவை கொஞ்சம் கூடியிருக்கிறது. முன்பு அமுங்குகிற இடத்தில் இப்போது சத்தம் கனத்துத் தாண்டிவிடுகிறது. அம்மாவுக்குத்தான் சிரமம். புகையை வைத்துக் காட்டைச் சொல்ல முடியவில்லை.

ஒரு பழக்கம் மட்டும் மாமாவுக்கு வரவில்லை. வேலை முடிந்ததும் உடனே அணைக்கக் கூடாது, மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட வேண்டும். உடனே அணைத்தால் எண்ணெய் வரத்து நின்றுவிடும். கொதிக்கிற டர்போவுக்குள் மாட்டிய எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். நான் எத்தனை முறை சொல்லியும், வண்டி நின்ற நொடியில் அவர் கை நிறுத்தும் கம்பியை இழுத்துவிடும். டீசலை வீணாக எரிக்கக் கூடாது என்று முப்பது வருடமாகப் பழகிய கை.

ஒருநாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். “மாமா, அப்பா ஏர் அவுத்ததும் மாட்டுக்கு உடனே தண்ணி காட்டுவாரா?”

“எப்படிக் காட்டுவாரு? மூச்சு அடங்கணும்ல. இந்த மரத்தடியிலதான் நிப்பாட்டி வைப்பாரு. விலா அடிக்கிறது நின்ன பொறவுதான் தொட்டிக்கிட்ட விடுவாரு.”

நான் மேலே எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் வண்டியை அதே வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அணைக்காமல் இறங்கினார். பம்புசெட்டில் முகம் கழுவி, கால் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஒரு நிமிடம் நின்று சத்தத்தைக் கேட்டார். அப்புறம்தான் கம்பியை இழுத்தார்.